“பதினோரு மணி நேரம்தானே, அம்மா!”

“லண்டன் எவ்வளவு தூரம்?” என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது சுலபம். சென்னையிலிருந்து ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 8,200 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? அதில் ஐந்தில் ஒரு பங்கு. “எத்தனை மணி நேரப் பிரயாணம்?” என்று கேட்டால் அதற்கும் பதில் உண்டு. நடுவில் எங்கும் இறங்காத விமானமானால் போகும்போது ஏறக்குறைய பதினோரு மணி நேரம். வரும்போது பத்து மணி நேரம்.

ஆனால், “அவசரம் என்றால் எவ்வளவு நேரத்தில் நீ அங்கே போய் நிற்க முடியும்?” என்று யாராவது கேட்டால்? அதற்கு டிக்கெட்டில் அச்சடித்த நேரம் பதில் ஆகாது. இந்தக் கேள்வியை நான் இரண்டு தடவை எனக்கு நானே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. ஒரு தடவை கும்பகோணத்திலிருந்து லண்டனைப் பார்த்து. இன்னொரு தடவை லண்டனிலிருந்து கும்பகோணத்தைப் பார்த்து.

என் பெண் கல்யாணமாகி லண்டனில் இருக்கிறாள். முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது நம் வழக்கம். “ஏழாம் மாதம் அழைத்து வந்துவிடலாம்” என்று நான் மனசுக்குள் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். பெண் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: “அம்மா, 28 வாரம் தாண்டினா டாக்டர் லெட்டர் கேக்கறாங்க. 36 வாரத்துக்கு மேல நிறைய கம்பெனில ஏத்தவே மாட்டாங்க. வந்தா சீக்கிரமே வந்துடணும். அப்புறம் குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுத்துத் தூக்கிட்டுத் திரும்பற வரைக்கும் மாசக்கணக்கா இவரை விட்டுட்டு இருக்கணும். நீயே வந்துடேன்மா. பதினோரு மணி நேரம்தானே!”

பதினோரு மணி நேரம்தானே! அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் என் வீட்டில் 83 வயதில் என் மாமியார் இருந்தார். இருபத்தைந்து வருஷமாக என் கையால் சாப்பிட்டுப் பழகியவர். காலையில் ரத்த அழுத்த மாத்திரையிலிருந்து ராத்திரி வெந்நீர் வரை நான்தான். அவரை விட்டுவிட்டு எத்தனை நாள் போவது? நான் அங்கே இருக்கும்போது இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் எப்போது வந்து சேருவேன்? நான் இங்கேயே இருந்து, அங்கே பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

நான் தயங்குவதைப் பார்த்து மாமியாரே ஒரு நாள் கூப்பிட்டார்.

“ஏம்மா, சாரங்கபாணி சன்னதித் தெருவுல இருந்து ஒரு பிள்ளை சீமைக்குப் போச்சே, அது எத்தனை நாள்ல போய்ச் சேர்ந்துச்சு?”

கணித மேதை ராமானுஜத்தைத்தான் சொன்னார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவர் பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி. அவர் வளர்ந்த வீடு அந்தத் தெருவில் இன்றும் நினைவு இல்லமாக இருக்கிறது. 1914 மார்ச் 17ஆம் தேதி சென்னையில் ‘நெவாசா’ என்ற கப்பலில் ஏறினார். லண்டனில் இறங்கியது ஏப்ரல் 14. முழுசாக 28 நாள்! பதினோரு மணி நேரத்தோடு வைத்துப் பார்த்தால் அறுபது பங்குக்கு மேல். அவர் மனைவி ஜானகி அம்மாளுக்கு அப்போது 15 வயதுகூட நிறையவில்லை. நடுவில் முதல் உலக யுத்தம் வந்துவிட்டது. அவர் மறுபடி இந்திய மண்ணில் கால் வைத்தது 1919 மார்ச்சில். ஐந்து வருஷம்! உடம்பு தேறவே இல்லை. அடுத்த ஏப்ரலில் போய்விட்டார். “ஊரில் யாருக்காவது சரியில்லை, உடனே வா” என்று சொல்லி அனுப்பினாலும், கிளம்பி வந்து சேர ஒரு மாதம் ஆகிற காலம் அது.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் சுருங்கியது. 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குச் சின்ன விமானத்தில் தபால் பை கொண்டு வந்தார். அந்தத் தபால் அங்கிருந்து சென்னைக்கும் பறந்து வந்தது. 1948 ஜூன் 8ஆம் தேதி பம்பாயிலிருந்து லண்டனுக்கு நம் நாட்டு விமானமே கிளம்பியது; கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் இறங்கிப் போனது. இன்று சென்னையில் ஏறி உட்கார்ந்தால் லண்டனில்தான் கதவைத் திறக்கிறார்கள்.

இதையெல்லாம் சொன்னபோது மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தார். “அப்ப என்ன? போயிட்டு வா. நான் எங்கயும் ஓடிட மாட்டேன். ஆனா, கூப்பிட்டா வரணும்” என்றார்.

கூப்பிட்டால் வர வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

முதலில் வீட்டு வாசல் கணக்கு. கும்பகோணத்திலிருந்து சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். காரில் போனால் ஆறரை, ஏழு மணி நேரம். வெளிநாட்டுப் பிரயாணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்கச் சொல்கிறார்கள். வழியில் டயர் பஞ்சராகலாம், ஊர்வலம் மறிக்கலாம். அதற்கென்று இரண்டு மூன்று மணி நேரத்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். விமானமோ விடிகாலையில். ஆக, முதல் நாள் மாலை நாலு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் மறுநாள் காலை ஐந்தரைக்குப் பறக்க முடியும். விமானத்துக்குள் பதினோரு மணி. இறங்கிய பிறகு பாஸ்போர்ட் வரிசை, பெட்டி வரும்வரை காத்திருப்பது, அங்கிருந்து பெண் வீடு என்று இன்னொரு மூன்று மணி. கூட்டினால் 27 மணிக்கு மேல் வருகிறது. அச்சடித்த நேரத்தைப்போல இரண்டரைப் பங்கு!

அது கூட டிக்கெட்டும் விசாவும் கையில் இருந்தால்தான். பிரிட்டனுக்கு விசிட்டர் விசா கேட்டு மனுக்கொடுத்து, கைரேகை வைத்த பிறகு முடிவு தெரிய வழக்கமாக மூன்று வாரம் ஆகிறது. பிரயாணத்துக்கு மூன்று மாதம் முன்பே மனுக்கொடுக்கலாம். பெண்ணுக்கு இடுப்பு வலி என்று சேதி வந்த பிறகு விசாவுக்கு ஓடினால், குழந்தைக்குப் பேர் வைத்த பிறகுதான் போய்ச் சேருவோம். ஆகவே ஆறாம் மாதமே அந்த வேலையைத் தொடங்கிவிட்டேன்.

டிக்கெட் வாங்கும்போது எனக்கும் என் கணவருக்கும் ஒரு சின்ன வாக்குவாதம். திரும்பி வருகிற தேதியை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள டிக்கெட்டுக்குக் கூடுதல் பணம் கேட்டார்கள். “எதுக்கு அநாவசியச் செலவு? மூணு மாசம்னு முடிவு பண்ணியாச்சு, மூணு மாசத்துக்கே போட்டுடலாம்” என்றார் அவர்.

“அத்தைகிட்ட கூப்பிட்டா வரேன்னு சொல்லியிருக்கேன். அந்த வார்த்தைக்கு இதுதாங்க விலை” என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. மாமியாரைப் பார்த்துக்கொள்ள மயிலாடுதுறையிலிருந்து என் நாத்தனார் வந்து தங்குவது என்று ஏற்பாடு. மாத்திரை வேளை, கஞ்சிப் பக்குவம், டாக்டர் போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு காலண்டர் அட்டையில் பெரிய எழுத்தில் எழிதிச் சமையலறையில் மாட்டினேன்.

எப்போது போவது என்பது அடுத்த கேள்வி. எங்கள் டாக்டரிடம் கேட்டேன். “ரெண்டு ஊருக்கும் எத்தனை மணி வித்தியாசமோ, உடம்பு பழக ஏறக்குறைய அத்தனை நாள் வெச்சுக்குங்க. பிரசவத்தன்னிக்குப் போய் இறங்கினா நீங்களும் ஒரு பேஷண்ட் மாதிரி படுத்துக்குவீங்க” என்றார். லண்டனைவிட நம் கடிகாரம் குளிர்காலத்தில் ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்துக்கொள்வதால் நாலரை மணிதான் வித்தியாசம். பிப்ரவரி நடுவில் பிரசவ தேதி. பொங்கல் கழித்து ஒரு வாரத்தில் கிளம்பினால் மூன்று வாரம் கையில் இருக்கும். அப்படியே முடிவு செய்தேன்.

கால் விஷயத்தையும் அவரே கேட்டார். நின்று நின்றே சமைத்த நம் கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? எனக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்கும். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தே வரும் பிரயாணத்தில், ஆட்டம் இல்லாததால் காலில் ரத்தம் தேங்கி, சிலருக்கு உள் நரம்பில் கட்டி போல உறைந்துவிடுமாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. எல்லோருக்கும் வருவதில்லை, பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் நரம்பு சுருட்டல் உள்ளவர்கள், கனத்த உடம்புக்காரர்கள், கர்ப்பிணிகள், புதிதாகப் பிரசவித்தவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். எனக்கு இறுக்கமான காலுறை எழுதிக் கொடுத்தார். அளவு பார்த்து வாங்க வேண்டும். கடையில் கண்டதை வாங்கி மாட்டக்கூடாது என்றும் சொன்னார்.

கிளம்பும் நாள் வந்தது. பெட்டியில் நெய் டப்பா இல்லை! பால், நெய் சேர்ந்த பண்டம் எதுவும் இங்கிருந்து பிரிட்டனுக்குள் கொண்டு போகக்கூடாது என்று மாப்பிள்ளை முன்பே எச்சரித்திருந்தார். பிரசவ மருந்துச் சாமான்களைப் பொட்டலமாகக் கட்டி, மேலே பெயர் எழுதி வைத்துக்கொண்டேன். என் மாத்திரைகளும் டாக்டர் சீட்டும் கைப்பையில். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் அதைக் கட்டாயம் கைப்பையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே சாமான் அறைக்குப் போகிற பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம்.

விமானத்தில் எனக்கு முன்னால் ஒரு சின்னத் திரை. அதில் ஒரு பூகோளப் படம். நம் விமானம் எங்கே போகிறது என்று காட்டுகிறது. சினிமா பார்க்காமல் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று வருகிறது. 8,200ஐ 900ஆல் வகுத்தால் ஒன்பது மணி சொச்சம்தானே வர வேண்டும்? மிச்சம் இரண்டு மணி நேரம் எங்கே போகிறது? மளிகைக் கணக்கு போடுகிற புத்தி சும்மா இருக்குமா! போய் இறங்கியதும் மாப்பிள்ளையைக் கேட்டேன். அவர் ஒரு ஆரஞ்சுப் பழத்தையும் நூலையும் எடுத்து வைத்துக்கொண்டு விளக்கினார்.

“அத்தை, இது பூமி. இங்க சென்னை, மேல இங்க லண்டன். நூலை இழுத்துப் பிடிச்சா எது குறுக்கு வழின்னு தெரியும். குஜராத், பாகிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடல், உக்ரைன், போலந்து, ஜெர்மனின்னு போகும். அதுதான் 8,200. ஆனா விமானம் அந்த நூல் மேலயே போக முடியாது. 2014 ஜூலைல உக்ரைன் மேல போன மலேசிய விமானத்தை ஏவுகணை அடிச்சு வீழ்த்துச்சு இல்லையா? 2022 பிப்ரவரில அங்க பெரிய போர் ஆரம்பிச்சதும் அந்த வானத்தையே பயணிகள் விமானத்துக்கு மூடிட்டாங்க. சண்டை நடக்கற இடத்தையெல்லாம் சுத்திக்கிட்டுத்தான் போகணும். அதோட, கிளம்பி மேல ஏறவும், இறங்கறதுக்கு வரிசைல காத்திருக்கவும் நேரம் ஆகும்.”

“சரி, வரும்போது மட்டும் ஒரு மணி நேரம் குறையுதே, அது எப்படி?”

“அது காத்து அத்தை. முப்பதாயிரம், நாப்பதாயிரம் அடி உயரத்துல மேற்கேருந்து கிழக்கே பலமான காத்து ஆறு மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும். லண்டன் வரும்போது எதிர்நீச்சல். ஊருக்குப் போகும்போது ஆத்தோட போற மாதிரி.”

காவேரிக் கரைக்காரிக்கு இதைவிட நன்றாக யார் சொல்லிப் புரியவைக்க முடியும்?

விமானத்துக்குள் இருக்கும் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவ்வளவு உயரத்தில் வெளியே மூச்சுவிட முடியாது. ஆகவே உள்ளே காற்றை அழுத்தி வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்தும் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமாம். அதாவது ஊட்டியிலோ கொடைக்கானலிலோ உட்கார்ந்திருப்பது போல. ஆனால் ஊட்டியின் ஈரம் மட்டும் கிடையாது. உதடு வெடிக்கிறது, தொண்டை காய்கிறது. இருதயக் கோளாறு, ஆஸ்துமா, கடுமையான ரத்த சோகை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக்கூடாது என்பது இதனால்தான். அடிக்கடி தண்ணீர் வாங்கிக் குடித்தேன். “அடிக்கடி எழுந்து போக வேண்டுமே” என்று கூச்சப்பட்டுத் தண்ணீரைக் குறைக்கிற பெண்கள் நம்மில் நிறையப் பேர். அது தப்பு, சகோதரிகளே! எழுந்து போவதே காலுக்கு மருந்து. ஓரத்து இருக்கையாகக் கேட்டு வாங்கிக்கொண்டால் யாரையும் தாண்ட வேண்டியதில்லை. உட்கார்ந்திருக்கும்போது குதிகாலைத் தரையில் ஊன்றி நுனிக்காலைத் தூக்குவது, பிறகு நுனிக்காலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது என்று மாற்றி மாற்றிச் செய்தேன். அந்தக் காலத்துத் தையல் மெஷின் மிதித்தவர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்?

நான் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றபோது லண்டனில் பகல் இரண்டு மணி. வயிற்றைத் தள்ளிக்கொண்டு கதவைத் திறந்த பெண்ணைப் பார்த்ததும் 27 மணி நேரக் களைப்பு பறந்துவிட்டது என்று எழுத ஆசைதான். பறக்கவில்லை! சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனேன். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து பழகிய உடம்பு. லண்டனில் ராத்திரி பதினொன்றரைக்கே “விடிந்துவிட்டது” என்று எழுந்து உட்கார்ந்துகொண்டது. வெளியே கும்மிருட்டு, குளிர். வாசல் தெளிக்க வேளை வந்தது போல மனசு பரபரக்கிறது. பகல் ஆனால் கண்ணைச் சொருகுகிறது. பகல் வெளிச்சத்தில் ஸ்வெட்டரும் கோட்டுமாகப் பெண்ணோடு நடந்துவிட்டு வந்தேன். மத்தியானம் எவ்வளவு தள்ளினாலும் அரை மணிக்கு மேல் படுக்கவில்லை. ஆறாம் நாள்தான் பசியும் தூக்கமும் ஊரோடு ஒத்துப்போயின. டாக்டர் சொன்ன கணக்கு அப்படியே சரியாக இருந்தது.

ஊருக்குப் போன் பேச ஒரு தந்திரம் கற்றுக்கொண்டேன். என் பழைய கைக்கடிகாரத்தில் நம் ஊர் நேரத்தையே வைத்துக்கொண்டேன். அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் லண்டன் நேரம்! கும்பகோணத்தில் மாலை மூன்று மணி என்றால், கடிகாரத்தைக் கவிழ்த்துப் பிடித்தால் ஒன்பதரை போலத் தெரியும். லண்டனில் அப்போது காலை ஒன்பதரைதான். முள் வைத்த கடிகாரத்தில், ஐந்தரை மணி வித்தியாசம் இருக்கிற குளிர்காலத்தில் மட்டும் இது பலிக்கும். தினமும் அந்த நேரத்துக்கு மாமியாரோடு பேசுவேன். “இன்னிக்கு உன் நாத்தி ரசம் வெச்சா. உப்பு போதலை” என்று புகார் சொல்லுவார். அதைக் கேட்டால்தான் எனக்கு நிம்மதி.

பிப்ரவரியில் பேத்தி பிறந்தாள். சுகப்பிரசவம். ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்தபோது நான் முழித்த கண்ணோடு, பதற்றமில்லாமல் பையை எடுத்துக்கொண்டு கூடவே போக முடிந்தது. அந்த மூன்று வாரம் முன்னால் வந்ததன் பலன் அன்றைக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அங்கே மருத்துவச்சியே வந்து தாயையும் குழந்தையையும் பார்த்துவிட்டுப் போகிறார். பத்தியச் சாப்பாடு நான், எடை பார்ப்பது அவர் என்று இரண்டு பேருமாக நடத்தினோம்.

குழந்தைக்கு ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு என் கணவரிடமிருந்து போன். நம் ஊரில் அப்போது விடிகாலை மூன்றரை. அந்த வேளையில் வருகிற போன் நல்ல சேதியாக இருக்காது என்று எடுக்கும்போதே தெரிந்தது.

“அம்மாவுக்கு மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். நிமோனியாங்கறாங்க. நீ பதறாதே. பாத்துக்கிட்டுச் சொல்றேன்.”

“அத்தை ஏதாவது சொன்னாங்களா?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “உன்னைத்தான் கேட்டாங்க.”

ஒரு பக்கம் ஐந்து வாரக் குழந்தை, இன்னும் உடம்பு கட்டாத பெண். மறு பக்கம், கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியவர். நடுவில் 8,200 கிலோமீட்டர். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பெண்தான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா, நீ கிளம்பு. எனக்கு இவர் இருக்கார், மிட்வைஃப் வராங்க. பாட்டிக்கு நீதான் வேணும்.”

“உன் உடம்பு...”

“பாட்டி தேறினதும் திரும்பி வா. பதினோரு மணி நேரம்தானே” என்றாள். முதல் தடவை சொன்ன அதே வார்த்தைதான். இந்தத் தடவை சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

மாப்பிள்ளை டிக்கெட்டை எடுத்துப் பார்த்தார். தேதி மாற்றும் வசதி இருந்ததால் புது டிக்கெட் வாங்கத் தேவையில்லாமல், மறுநாள் மத்தியான விமானத்துக்கே மாற்ற முடிந்தது. நான் உடனே கணக்குப் போட்டேன். மத்தியானம் ஒரு மணி வரை 15 மணி நேரம். விமானத்தில் 10. சென்னையில் வெளியே வர ஒன்றரை. கும்பகோணத்துக்கு ஆறரை. மொத்தம் 33 மணி நேரம். கணவருக்குப் போன் செய்து, “நாளன்னிக்கு வேண்டாம், நாளைக்கு மத்தியானம் பன்னண்டரைக்கு ஆஸ்பத்திரில இருப்பேன்னு அத்தைகிட்ட சொல்லுங்க. நேரத்தைச் சொல்லியே சொல்லுங்க” என்றேன். “வந்துட்டே இருக்கா” என்று பொதுவாகச் சொன்னால் வயசானவர்கள் வாசலையே பார்த்துத் தவித்துப்போவார்கள். ஒரு நேரத்தைச் சொன்னால் அதுவரை மனசைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள்.

அந்த ராத்திரி பெண்ணுக்குப் பத்து நாளைக்கான பருப்புப் பொடி, இஞ்சி லேகியம், கஷாயப் பொடி எல்லாம் டப்பாவில் போட்டுப் பெயர் ஒட்டினேன். விமானத்தில் காலுறையும் தண்ணீரும் நடையும் முன்பு போலவே. மேலே பறக்கிற பத்து மணி நேரமும் கீழே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. திரையில் விமானம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. பின்னால் இருந்து தள்ளுகிற காற்றை நினைத்து அன்றைக்குக் கும்பிட்டேன்.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். மூக்கில் குழாயோடு படுத்திருந்தவர் கண்ணைத் திறந்தார்.

“பன்னண்டரைன்னியே?” என்றார்.

“விக்கிரவாண்டில கொஞ்சம் லேட் ஆயிடுச்சு அத்தை” என்றேன். சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. குழந்தை யார் ஜாடை என்று கேட்டார். போனில் படத்தைக் காட்டினேன். “என் நெத்தி” என்றார்.

பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். கிழக்கே திரும்பி வந்தால் உடம்பு பழக இன்னும் தாமதமாகும் என்று சொன்னது உண்மைதான். ராத்திரி இரண்டு மணி வரை எனக்குத் தூக்கம் வராது. ஆஸ்பத்திரியில் முழித்திருக்க அதுவும் சௌகரியமாகத்தான் போயிற்று. அதன் பிறகு இரண்டு மாதம் எங்களோடு இருந்தார். தினமும் மாலை மூன்று மணிக்குக் கொள்ளுப்பேத்தியைப் போனில் பார்ப்பார். வைகாசியில் ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

பிள்ளைகளைத் தூர தேசத்துக்கு அனுப்பிவிட்டு இங்கே பெரியவர்களையும் பார்த்துக்கொண்டிருக்கிற பெண்கள் இப்போது வீட்டுக்கு வீடு. சிங்கப்பூரோ, சிட்னியோ, நியூயார்க்கோ எந்த ஊரானாலும் சரி, ஒரு தாளில் மூன்று வரி எழுதி வையுங்கள்.

முதல் வரி: விமான நேரம், போகவும் வரவும் தனித்தனியாக. நடுவில் இறங்கி மாறுகிற விமானமானால் அங்கே காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து.

இரண்டாவது வரி: நம் வீட்டு வாசலிலிருந்து அவர்கள் வீட்டு வாசல் வரை மொத்த நேரம். பாஸ்போர்ட் எப்போது முடிகிறது, விசாவுக்கு எத்தனை வாரம் ஆகும் என்பதையும் இதே வரியில் எழுதுங்கள்.

மூன்றாவது வரி: உடம்பு பழகும் நாள். கடிகாரம் எத்தனை மணி வித்தியாசமோ, ஏறக்குறைய அத்தனை நாள். பிரயாணம் முடிந்து சில வாரம் வரை ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு தெரிந்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ “அலைச்சல்தான்” என்று இருந்துவிடாமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்பதையும் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதிய தாளை வீட்டுப் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். பிள்ளைகளுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். கூப்பிட்டால் எத்தனை மணிக்கு வந்து நிற்போம் என்பது இரண்டு பக்கமும் தெரிந்திருக்கட்டும். என் பேத்தியின் முதல் பிறந்த நாளுக்கு மறுபடி லண்டன் போகிறேன். இந்தத் தடவையும் மாலை நாலு மணிக்குத்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறேன்.